மழை பிடிக்கும் முன் வீட்டைச் சுற்றி ஒரு நடை: கொசு, கறையான், கரப்பான், எலிக்கு ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசி மழை பிடிப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பு, செப்டம்பர் கடைசிவாக்கில், ஒரு சனி ஞாயிறை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு இடம், அதில் பாதி வீடு, மீதியில் ஒரு தென்னை, ஒரு முருங்கை, நாலு வாழை, ஒரு செம்பருத்தி, ஒரு பழைய கிணறு என்று இருக்கிறவன் எழுதுவது இது. குடிவந்த முதல் இரண்டு மழைக்காலமும் ஸ்பிரே, சுருள், சாக்பீஸ் என்று கொட்டிய காசில் ஒரு நல்ல மிக்ஸி வாங்கியிருக்கலாம். அப்போது தெரியாதது இதுதான்: ஒவ்வொரு ஜந்துவும் ஏதோ ஒன்றைத் தேடித்தான் வருகிறது, ஏதோ ஒரு வழியாகத்தான் வருகிறது. அந்த ஒன்று என்ன, அந்த வழி எது என்று பார்க்காமல் அடிக்கும் மருந்து, அடித்த வாசனை போகும் வரைக்கும்தான்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் டார்ச்சை எடுங்கள்.

படி 1: யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சமையலறைக்குப் போய் டார்ச் அடியுங்கள். ஓடுகிற கரப்பான் சின்னதாக, வெளிர்பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடோடு இருந்தால் அது ஜெர்மன் கரப்பான். உங்கள் அலமாரிக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. பெரிதாக, செம்பழுப்பாக இருந்தால் அமெரிக்கக் கரப்பான். அது சாக்கடையிலிருந்து ஏறி வருவது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

பரண் மேல் கிடக்கும் புழுக்கையைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாக இருந்தால் பல்லி. விட்டுவிடுங்கள், அது நம் கட்சி. அரிசி அளவுக்கு இருந்தால் சுண்டெலி, உலர்திராட்சை அளவுக்கு இருந்தால் பெரிய எலி. கட்டிலுக்கு அடியில் மாவு மாதிரி மரத்தூள் கொட்டியிருந்தால் அது கறையான் இல்லை, மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. கறையான் மாவு கொட்டாது. மண் கோடு போடும்.

இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

படி 2: தண்ணீர்

அதிக நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் வளர்வதில்லை. நல்ல தண்ணீர் தேங்கினால் போதும், பாட்டில் மூடியளவு தண்ணீரில்கூட முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு தடவை கொட்டுங்கள் என்கிறார்கள். ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. இந்தக் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்த பிறகும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்து தண்ணீர் ஊற்றினால் பொரியும். ஆகவே தொட்டியைக் கவிழ்த்த பின் உள்சுவரை நார் போட்டு அழுத்தித் தேயுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நான் ஒரு வருஷம் டிரம்மை ஒழுங்காகக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்து, ஒழுங்காகக் கொசு வளர்த்தேன்.

எங்கெங்கே பார்ப்பது? கொட்டாங்குச்சி, பழைய டயர், பெயின்ட் டப்பா எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் போவது இவைதான்: ஃப்ரிட்ஜின் பின்பக்கம், அடியில் இருக்கும் தட்டு, ஏ.சி. தண்ணீர் சொட்டும் வாளி, பூந்தொட்டிக்குக் கீழ் வைத்த பீங்கான் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், கொல்லையில் யாரும் அரைக்காமல் கிடக்கும் ஆட்டுக்கல்லின் குழி, மொட்டை மாடியில் தார்ப்பாயின் மடிப்பு, சன்ஷேடு மேல் சருகு அடைத்த தண்ணீர்க் குழாய். எறும்பு ஏறாமல் இருக்க அலமாரிக் காலுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைக்கும் பழக்கம் இருக்கிறதா? அதுவும் கொசுத்தொட்டிதான். உப்பைக் கனமாகக் கரைத்து ஊற்றுங்கள், அல்லது இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

மாடித் தொட்டியும் கிணறும் தனிக்கதை. நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலஸ் ஸ்டீபன்சி என்கிற கொசு சென்னையில் வளர்வதே பெரும்பாலும் இவற்றில்தான். தொட்டி மூடி ஒரு விரல் அகலம் திறந்திருந்தாலும் மூடாத மாதிரிதான். ஓவர்ஃப்ளோ குழாயின் வாயில் கொசுவலைத் துண்டைச் சுற்றிக் கம்பி கட்டுங்கள். கிணற்றுக்கு வலை போட்ட மூடி. அதோடு கம்பூசியா அல்லது கப்பி மீன் பத்துப் பதினைந்து விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும். இந்த மீனைக் கிணற்றோடு வைத்துக்கொள்ளுங்கள், ஏரி குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். அங்கே இருக்கும் சின்ன மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் அது விட்டுவைக்காது.

அப்புறம் செப்டிக் டேங்க். ராத்திரி காதில் பாடுகிறதே, அந்தக் கியூலெக்ஸ் கொசு அழுக்குத் தண்ணீரில் வளர்வது. யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். டேங்கிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டுங்கள், மூடியின் ஓரத்து விரிசலைச் சிமென்டால் பூசுங்கள். அரை மணி நேர வேலை. எங்கள் வீட்டில் இதைச் செய்த அடுத்த மாதமே ராத்திரிக் கொசு கண்ணுக்குத் தெரிகிற மாதிரி குறைந்தது. பிளாஸ்டிக் வலை வெயிலில் நொறுங்கிவிடும், வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வடிக்கவே முடியாத தண்ணீர் இருந்தால் பி.டி.ஐ. என்று கேட்டு வாங்குங்கள். அது ஒரு வகை பாக்டீரியா. கொசுப்புழுவின் குடலைக் கெடுக்கும், மீனுக்கும் மனிதருக்கும் கெடுதல் இல்லை. தெருவில் அடிக்கும் புகை மருந்தை நம்பி உட்கார வேண்டாம். அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் அது கொல்லும். புழு அப்படியே தண்ணீரில் இருக்கும்.

இன்னொன்று. மாலை ஆறு மணிக்கு ஜன்னலைச் சாத்துவது நம் எல்லார் வீட்டிலும் சடங்கு. அது கியூலெக்ஸுக்குச் சரி. ஏடிஸ் கடிப்பது பகலில், முக்கியமாகக் காலையிலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பும். பகலில் தூங்கும் குழந்தைக்குத்தான் முதலில் கொசுவலை தேவை. ஜன்னல் வலையின் கண் ஒன்றரை மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டாம்.

படி 3: தோட்டம்

செங்கல் குவியல், விறகு, காய்ந்த மட்டை இவற்றைச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். வீட்டைச் சுற்றி இரண்டடி வெறும் தரையாக இருந்தால் தேள், பூரான், எலி எல்லாவற்றுக்கும் அது வெட்டவெளி. கடந்து வரத் தயங்கும். மழைக்கு வரிசையாக ஏறி வரும் மரவட்டை பாவம், கடிக்காது, துடைப்பத்தால் தள்ளி வெளியே விட்டால் போதும். அதற்குப் போய் மருந்தடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

முருங்கை இருக்கும் வீட்டில் மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சி தப்பாது. பகலில் அடிமரத்தில் கம்பளி விரித்த மாதிரி கூட்டமாக ஒட்டியிருக்கும். வாசலில் முருங்கை வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னதற்குப் பேயைவிட இந்தப் பூச்சிதான் நியாயமான காரணம் என்று நினைக்கிறேன். தீப்பந்தம் காட்டுவது பழைய வழி. மரப்பட்டையும் வேகும், நம் கையும் வேகும். முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கைத் துணியால் கட்டி, கூட்டத்தின் மேல் சோப்புத் தண்ணீரை நன்றாகப் பீச்சி, நீளத் துடைப்பத்தால் சோப்பு நீர் வாளிக்குள் தள்ளுங்கள். காற்றடிக்கும்போது செய்யாதீர்கள். முடி உடம்பில் பட்டுவிட்டால் சொறியக் கூடாது. செல்லோடேப்பை ஒட்டி உரித்தெடுத்த பிறகு கழுவுங்கள்.

செம்பருத்தி, பப்பாளியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல் வருவது மாவுப்பூச்சி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி விழும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கரைவதற்கு ஒரு சிட்டிகை சோப்பு, சாயங்கால வேளையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடிக்க வேண்டும். வாரம் ஒன்றாக மூன்று தடவை. செடியில் எறும்பு ஏறி இறங்குகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், எறும்பை நிறுத்தாமல் இது போகாது. 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மல்பெரி, மரவள்ளி வரைக்கும் பரவி விவசாயிகளைப் படாதபாடு படுத்தியது. எந்த மருந்துக்கும் மசியாத அதை அடக்கியது, 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட அசிரோஃபேகஸ் என்கிற கடுகளவு ஒட்டுண்ணிக் குளவி. வீட்டுத் தோட்டத்தில் கண்ட மருந்தையும் அடித்தால் முதலில் சாவது இப்படி நமக்கு உதவுகிறவைதான்.

படி 4: சுவரும் ஓட்டையும்

சுண்டெலிக்கு ஒரு பென்சில் தடிமன் இடைவெளி போதும், ஏறக்குறைய 6 மி.மீ. பெரிய எலிக்குக் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை. ஏ.சி. குழாய், இன்டர்நெட் கேபிள், சிங்க் கழிவுக் குழாய் இவை சுவரைத் துளைக்கும் இடம் ஒவ்வொன்றையும் பாருங்கள். வெறும் எம்-சீல் அல்லது சிமென்டை எலி சுரண்டிவிடும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து அதன் மேல் பூசுங்கள். கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் ரப்பர் அல்லது பிரஷ் பட்டை அடியுங்கள்.

கூரையைத் தொடும் கிளைகளை மூன்றடி தள்ளி வெட்டிவிடுங்கள். தென்னையில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டடி அகலத் தகரம் சுற்றினால் எலி ஏற வழுக்கும்.

படி 5: கறையான்

நிலைப்படி ஓரம், பரண் மூலை, புத்தக அலமாரிக்குப் பின்பக்கம், மீட்டர் பலகை. இந்த நாலு இடத்திலும் மண் கோடு தேடுங்கள். இருந்தால் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். மறுபடி பூசியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றினால் கண்ணில் படுபவை சாகும். ராணி மண்ணுக்குள் எங்கேயோ புற்றில் முட்டையிட்டுக்கொண்டு இருக்கும். முதல் மழைக்குப் பின் ஈசல் விளக்கைச் சுற்றுவது சாதாரணம், வெளியிலிருந்து வந்திருக்கும். (எங்கள் பாட்டி ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து கொடுத்திருக்கிறாள், நன்றாகவே இருக்கும்.) ஆனால் ஜன்னல் சாத்திய அறைக்குள் காலையில் உதிர்ந்த இறக்கை குவிந்திருந்தால் அலட்சியப்படுத்த வேண்டாம்.

நாமே செய்யக்கூடியது: குழாய்க் கசிவை நிறுத்துவது, அட்டைப்பெட்டிகளைச் சுவரிலிருந்து நகர்த்துவது, வெளியே மண் மட்டம் அஸ்திவாரப் பட்டைக்குக் கீழே இருக்கும்படி வெட்டிவிடுவது. அதற்கு மேல் ஆள் கூப்பிட வேண்டிய வேலை. தரையும் சுவரும் சேரும் மூலையில் ஓர் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, மருந்து நிரப்பி, வெள்ளைச் சிமென்டால் அடைப்பார்கள். துளை போடாமல் சுவரில் பீச்சிவிட்டுப் போகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள். கிணறோ போரோ பக்கத்தில் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்த ஓரத்தில் மருந்து இறக்கக் கூடாது. புதிதாகக் கட்டுகிறவர்கள் தரை போடுவதற்கு முன்பே கறையான் மருந்தை மண்ணில் கொடுத்துவிட்டால் பின்னால் வரும் செலவு மிச்சம்.

படி 6: கரப்பான்

ஜெர்மன் கரப்பானுக்கு ஸ்பிரே வேண்டாம், ஜெல். பெண் கரப்பான் முட்டைப்பையை வயிற்றோடு சுமந்து திரிகிறது, ஒரு பையில் முப்பது நாற்பது குஞ்சு. ஸ்பிரே அடித்தால் சிதறி அடுத்த அறைக்குப் போகும். ஜெல்லைத் தின்றது கூட்டுக்குப் போய்ச் செத்து, அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். உளுந்து அளவில் நிறைய புள்ளிகளாக வையுங்கள்: கதவுக் கீல், சிங்க் அடி, ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், கேஸ் அடுப்புக்குக் கீழே, மிக்ஸி வைக்கும் மூலை. ஒரே இடத்தில் பெரிய உருண்டை வைத்துப் பிரயோஜனமில்லை.

நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். ஜெல் வைத்த மூன்றாம் நாள் ஒன்று ஓடுவதைப் பார்த்து ஆத்திரத்தில் ஸ்பிரே அடித்தேன். அந்த வாசனை பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடவே இல்லை, முழு டியூபும் வீண். இரண்டு வாரம் பொறுமை வேண்டும். அந்த இரண்டு வாரமும் ராத்திரி சிங்க்கில் எச்சில் பாத்திரம் கிடக்கக் கூடாது. வேறு சாப்பாடு இருந்தால் ஜெல்லை யார் சீண்டுவார்கள்?

பெரிய கரப்பானுக்குச் சாக்கடை வழியை அடைக்க வேண்டும். பாத்ரூம் தரை ஜாலியைச் சின்னக் கண் உள்ளதாக மாற்றுங்கள். புழங்காத பாத்ரூம் ஒன்று இருந்தால், அதன் தரைக் குழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்து, சாக்கடைக்கும் வீட்டுக்கும் நேர்வழி ஆகிவிடும். வாரம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விடுங்கள். தண்ணீரும் காயாது, கொசுவும் வளராது. பாத்ரூமில் பூரான் வருகிறது என்று சொல்பவர்களுக்கும் இதேதான் வழி. அது கரப்பானைத் தின்னத்தான் வருகிறது.

படி 7: எறும்பு

பிள்ளையார் எறும்பை விட்டுவிடுங்கள். கடிக்கிற சிவப்பெறும்பு சாரி போனால் சோப்புத் தண்ணீரால் பாதையைத் துடைத்தால் வாசனைத் தடம் அழிந்து குழம்பும். புற்றையே ஒழிக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டம்ளர் சர்க்கரை, அரை டீஸ்பூன் போரிக் பவுடர் கரைத்து (கேரம் போர்டில் தூவுவார்களே, அதேதான்), பஞ்சில் நனைத்துப் பாதையோரம் வையுங்கள். அதிகம் போட்டால் வழியிலேயே செத்துவிடும். கூட்டுக்குக் கொண்டுபோய் ஊட்ட அவகாசம் வேண்டும். குழந்தை, நாய், பூனை எட்டாத இடமாக இருக்கட்டும். சாக்பீஸ் கோட்டிலும் இருப்பது பூச்சிக்கொல்லிதான். எழுதும் சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் நான் அதை வைப்பதில்லை.

படி 8: எலி

ஓட்டை அடைத்த பிறகும் உள்ளே மாட்டியிருப்பதைப் பிடிக்கப் பொறிதான் நல்லது. எலிக்குப் புது சாமான் மேல் சந்தேகம் அதிகம். முதல் இரண்டு மூன்று நாள் பொறியை விசை ஏற்றாமல், தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்துச் சுவரோரமாக விட்டுவிடுங்கள். தின்று பழகிய பிறகு விசையை ஏற்றுங்கள். பசை அட்டை எனக்குப் பிடிக்காது, ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டு கிடக்கும்.

எலி பேஸ்ட் விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பேஸ்ட் உடம்புக்குள் போனால் முறிமருந்து கிடையாது. முதல் நாள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, பிறகு கல்லீரல் போய்விடும். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது, எங்காவது மறைத்து விற்றாலும் வாங்காதீர்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், ஆள் கூப்பிட்டு வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டு ஏ.சி. போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். படுக்கிற அறையில் எந்த எலி மருந்தும் கூடாது.

எலி குறைந்தால் பாம்பு வருவதும் குறையும். பூண்டு, பினாயில், சிறியாநங்கைச் செடி எதுவும் பாம்பை நிறுத்தாது. வந்துவிட்டால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே 101-க்குத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். மழைத்தண்ணீர் தேங்கிய கொல்லையைச் சுத்தம் செய்யும்போது வெறுங்காலோடு இறங்க வேண்டாம்; எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும்.

படி 9: அரிசிப் பானை

வண்டு அரிசிமணிக்குள்ளேயே முட்டையிடுகிறது, அதனால்தான் புடைத்துவிட்டு வைத்தாலும் மறுபடி வருகிறது. கொஞ்சமாக வாங்கினால் ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுங்கள். மூட்டையாக வாங்குகிறவர்கள் நிழலில் உலர்த்தி (வெயிலில் போட்டால் அரிசி வெடித்து நொய்யாகும்), காற்றுப் புகாத டிரம்மில் போட்டு வசம்பு, காய்ந்த வேப்பிலை போடுங்கள். வசம்பு வண்டை விரட்டத்தான் செய்யும், உள்ளே இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யாது. பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டாதீர்கள்.

படி 10: ஆள் கூப்பிடுவதானால்

மூட்டைப்பூச்சி, கறையான் இரண்டுக்கும் கூப்பிடலாம், தப்பில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் என்ன பூச்சி என்றே கேட்காமல் சமையலறை முழுக்க அடித்துவிட்டுப் போனார். அதே கரப்பானுக்கு மூன்று தடவை காசு வாங்கினார். அதற்குப் பின் வாசலிலேயே டப்பாவைக் காட்டச் சொல்கிறேன். நம் நாட்டுப் பூச்சிமருந்து டப்பா ஒவ்வொன்றிலும் ஒரு வண்ணக் குறி இருக்கும்: சிவப்பு கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை குறைந்தது. சிவப்போ மஞ்சளோ இருந்தால் என் வீட்டுக்குள் வர விடமாட்டேன். பெயர் ஒட்டாத பாட்டிலில் கலந்து கொண்டுவந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். அடிப்பதற்கு முன் மீன்தொட்டியின் காற்றுக்குழாயை நிறுத்தி மேலே மூடுங்கள், பாத்திரங்களை எடுத்து வையுங்கள், திரும்பி வந்ததும் ஜன்னல்களைத் திறந்து இரண்டு மணி நேரம் ஃபேன் ஓடட்டும். மிச்ச மருந்தை வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று குளிர்பான பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள்.